ஸ்வெட்டர் கையில் கட்டிய கல்

அறுபதுகளின் கடைசியில் என் தம்பி ராணுவத்தில் சேர்ந்தான். முதல் லீவில் செவ்வாப்பேட்டைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தவன், "அங்க குளுருல வாளித் தண்ணி கட்டியாப் பூடும்க்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரயில் கொஞ்சம் தாமதித்தாலே வேலைக்குப் போன வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சோ என்று வாசலுக்கு ஓடுகிறவள் நான். அவன் திரும்பிப் போவதற்குள் ஒரு ஸ்வெட்டர் பின்னி முடித்துவிடுவது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

"மில்ட்ரில குடுக்க மாட்டாங்களா? இந்த வெயில்ல கம்பளி நூல மடியில போட்டுகினு குந்திகினு கீறியே!" என்றார் மாமியார்.

"குடுப்பாங்க அத்தே. அது எல்லாருக்கும் குடுக்கறது. இது இவனுக்கு."

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பின்னலைப் பக்கத்து வீட்டு டீச்சரின் கை போகிற போக்கைப் பார்த்துத்தான் கற்றேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்த நாவல் ஒன்று எதிரில் விரிந்திருந்தால்தான் எனக்கு ஊசி ஓடும். இடது கையைப் பின்னிய அன்று கதையின் நாயகி வீட்டைவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பதற்றத்தில் சீக்கிரமே கண்ணிகளை முடித்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் இடது கை குட்டை.

கொல்லையில் புடலைப் பந்தல் இருந்தது. சுருளுகிற பிஞ்சின் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய் நேராக நீளும். எனக்கு அப்போது அதுதான் தோன்றியது. ஸ்வெட்டரை நனைத்துப் பந்தலில் மாட்டி, குட்டைக் கையின் நுனியில் ஒரு கல்லைக் கட்டினேன்.

மத்தியானம் போய்ப் பார்த்தால், அது மற்ற கையைவிட ஒரு முழம் நீண்டு, நுனி சூம்பி, காய்களோடு காயாகத் தொங்கியது.

"இன்னாக்கா, பொரியலா கூட்டா?" என்றான் தம்பி.

"முத்திப் போச்சுடா. வெதைக்கு வுட்டுடு" என்றார் மாமியார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சும்மா சொன்னேங்க்கா. மடிச்சு வுட்டுகினு போறேன்" என்றான்.

"ஒண்ணும் வாணாம்" என்று அந்தக் கையை மட்டும் தோளிலிருந்து பிரித்தேன். சேமியாபோலச் சுருண்டிருந்த நூலை ஆவியில் காட்டி நீட்டினேன். மறுபடி பின்னத் தொடங்குமுன் நாவலை மாமியாரிடம் கொடுத்து, "நானே கேட்டாலும் குடுக்காதீங்க அத்தே" என்றேன். அவர் அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் தாமே எடுத்துக்கொண்டார்.

அவன் கிளம்பிய அன்றும் மணிக்கட்டுப் பட்டி பாக்கி. ஊசியும் நூலுமாக, பட்டணம் வரை வழியனுப்ப நானும் கூடவே ரயிலேறினேன். எதிரில் இருந்தவர் ஊசிக்குப் பயந்து முழங்காலை ஒடுக்கிக்கொண்டார். பேசின் பிரிட்ஜில் வண்டி வழக்கம்போல சிக்னலுக்காக நின்றபோது கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கடித்தேன்.

"போடு."

"இங்கயா? வேர்த்து ஊத்துதுக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். போடு."

போட்டான். கைகளை நீட்டச் சொன்னேன். இரண்டும் மணிக்கட்டில் சரியாக ஒரே இடத்தில் நின்றன. தோளிலும் தொட்டுப் பார்த்த பிறகுதான் கழற்றவிட்டேன்.