லைனா, தள்ளுறதா

எழுத்துக் கூட்டித்தான் எனக்குப் படிக்க வரும். ஆனாலும் கும்மிடிப்பூண்டியில் நான் ஆயாம்மாவாக இருக்கிற பள்ளிக்கூடத்தில் என்னைக் கேட்காமல் ஒரு கதவும் திறக்காது. ரோபோ டீமுக்கு இடம் வேண்டும் என்று சயின்ஸ் டீச்சர் வந்தபோது, லேப் பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தது நான்தான்.

நாலு பெண்பிள்ளைகள், ஒரே ரோபோ வண்டி. போட்டியோ இரண்டு. ஒன்றில் தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டின் மேலேயே வண்டி தானாக ஓட வேண்டும். மற்றதில் எதிர் வண்டியை வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும். இரண்டும் ஒரே நாளில், வேறு வேறு ஊரில். பேர் கொடுக்கக் கடைசி நாளும் வந்துவிட்டது, சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒன்றுக்குக் கொடுத்தாக வேண்டும். முதல் தடவை ஆயிற்றே, கோடுதான் சுலபம் என்றார் டீச்சர். பிள்ளைகளுக்கோ தள்ளுவதில் ஆசை. காலையிலிருந்து இதே பேச்சு. என்னால் உட்கார முடியவில்லை. பெருக்கின வராந்தாவையே மறுபடியும் பெருக்கினேன்.

வயர் வேலையெல்லாம் செய்கிற பெண்ணின் அம்மா சம்மதம் மட்டும் பாக்கி. டீச்சர் போன் போட்டு, "உங்க பொண்ணு லைன்ல நல்லா பண்றாம்மா, சனிக்கிழமை முழுக்க அனுப்பணும்" என்றார். அந்தப் பக்கம் பட்டென்று வைத்துவிட்டார்கள்.

டீச்சர் லைன் என்றது கோட்டுப் போட்டியை. எங்கள் பக்கத்திலோ லைன் என்றால் ஒன்றுதான். கம்பெனியில் ஷிப்ட் முழுக்க பெல்ட் முன்னால் நின்றுகொண்டே செய்கிற வேலை. டீச்சர் வெளியூர்க்காரர், அவருக்கு அது தோன்றவில்லை.

ஷிப்ட் விட்ட கையோடு அந்த அம்மா வந்துவிட்டாள். கழுத்தில் கம்பெனி கார்டு தொங்கியது.

"நின்னு நின்னு எனுக்குக் காலு வீங்கிக் கெடக்குது டீச்சர். எம்பொண்ணப் படிக்க அனுப்சா, நீங்களும் லைனுக்கே அனுப்புவீங்களா? அவ வர மாட்டா. பேர அடிச்சிடுங்க."

மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவள் மகள் சிரிக்கவில்லை. அந்த மகள் இல்லாமல் வண்டி கிளம்பாது.

"இன்னாம்மே இந்தக் குதி குதிக்கிற? உள்ள வந்து பாத்துட்டு அப்பால குதி" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

மகள் வண்டியைக் கோட்டில் விட்டாள். வளைவில் வளைந்து, நேரில் நேராக ஓடியது.

"கோட்ட உட்டுப் போவாதா?" என்று கேட்டாள் அம்மா.

"போனா தோத்துடும்மா."

"அப்போ இத்தினி வருஷமா நான்தான் ஜெயிச்சிக்கினு இருக்கேன். கப்புதான் எவனும் குடுக்கல."

டீச்சரே சிரித்துவிட்டார்.

"இன்னொரு போட்டி இருக்குதாமே, அது இன்னா?"

"எதுக்க வர்றத வெளிய தள்ளணும்" என்றாள் மகள்.

"அதுக்குன்னா இட்டுக்கினு போங்க. லைனு வாணாம். எங்க ஊட்ல நான் ஒருத்தி நிக்கிறது போதும்."

"தோத்துட்டா?" என்றார் டீச்சர்.

"தோத்துட்டு வரட்டும். இன்னா இப்போ?"

டீச்சர் என்னைப் பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? தலையாட்டினேன். தள்ளுகிற போட்டிக்கே பேர் போயிற்று.

முடிவானதும் மனசு அடங்கும் என்று பார்த்தால், பரபரப்பு கூடித்தான் போனது. பக்கெட்டைக் கவிழ்த்து வைத்து, "எங்க, இத்தத் தள்ளுங்க பாப்போம்" என்றேன். வண்டி போய் முட்டியது. சக்கரம் வழுக்கிச் சுற்றியது. பக்கெட் அசையவில்லை.

"காலி பக்கெட்டு ஆயாம்மா" என்றாள் ஒருத்தி, அழுகிற குரலில்.

"எனுக்குக் கண்ணு தெரியுது."

வயர் வேலை செய்கிற பெண் அதற்குள் தரையில் குப்புறப் படுத்துச் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "ரப்பர் பேண்டு கெடைக்குமா ஆயாம்மா? சக்கரத்துல சுத்திப் பாக்கலாம், வழுக்காது."

ஆபீஸ் ரூமுக்கு நடந்தேன். ஓடினேன் என்றே சொல்ல வேண்டும்.