நகரியில் ஒரு ஜெய்ப்பூர் சன்னல்

சுலோசனாவின் வீட்டுக்குத் தெருப்பக்கம் சன்னல் இல்லை. நெசவுக்காரர் தெருவில் அது யாருக்கும் குறையாகப் பட்டதில்லை. வெளிச்சம் தறிக்குத்தான் வேண்டும். தறி பின்கட்டில் இருந்தது. அங்கே கூரையில் சில ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்திருந்தார்கள். தெருவைப் பார்க்க வேண்டுமென்றால் கதவைத் திறந்துகொண்டு வெளியே போக வேண்டியதுதானே?

புருஷன் நாகேந்திரன் இருந்தவரை அவளும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள். விடிந்தும் விடியாமலும் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். மூங்கில் கவைகள் அதைத் தாங்கி நிற்கும். கஞ்சி தெளித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்து தூரிகையால் நீவிக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் யார் வீட்டுப் பாவானாலும் தெருவே வந்து நிற்கும். பெண்களுக்கு, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிகிற வேலை. சுலோசனாவின் கண்ணுக்கு ஓர் இழையும் தப்பாது.

நகரி சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று கூட்டம் கூட்டமாக அலைந்தவன் நாகேந்திரன். எல்லைத் தீர்ப்பு வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டான். தீர்ப்பில் திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. நகரி ஆந்திராவிலேயே நின்றது. திருத்தணியில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் ருக்மணி வேறு ராஜ்யத்துக்காரி ஆனாள்.

பாவு கட்டும் வேளையில் தாலியறுத்தவள் முகம் எதிர்ப்படக் கூடாது; பட்டால் இழை அறும். இதை யாரும் சுலோசனாவிடம் வந்து சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டிய சங்கதியும் இல்லை. அவளுடைய பாவைத் தெருவாரே போட்டு, சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். ஒருத்தரும் குறை வைக்கவில்லை. விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது.

அவளுடைய தம்பி கோவர்த்தனன் திருப்பதியில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தான். கீல், கொண்டி, சன்னல் கம்பி விற்கிற கடை. சித்திரை பிறந்த பிறகு வந்தவன், கடையில் மிச்சமாகிப்போன காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். மாதத்துக்கு ஒரு படம். எல்லாம் உலகத்துச் சன்னல்கள்.

"முதலாளி படிச்சி சொன்னாரு, அல்லாம் ஞாபகம் வச்சிக்கினு வந்திருக்கேன்," என்று ஒவ்வொன்றாகப் புரட்டினான். "இது பாரீசுல. மாதாகோயில் சன்னல். தேர்ச்சக்கரமாட்டம் இல்ல? நடுவுல அல்லாம் கலர் கண்ணாடி."

"தொடைக்கிறவன் பாடு இன்னாடா?"

"அவன் பாடு அவனுக்கு. இது பார், போர்ச்சுகல். கல்லுலயே கயிறு திரிச்சி வச்சிருக்கான். அவுத்தா கப்பலையே கட்டலாம். இது நேப்பாளம், மரத்துல மயிலு. இது எகிப்து. சன்னல்ல தண்ணிப் பானை வப்பாங்களாம், சில்லுனு இருக்குமாம்."

"சந்திரகிரி மகால்லகூட வளைவு வளைவா இருக்குதே."

"அதுல இன்னா இருக்குது? புறாதான் குந்திக்கினு இருக்குது." அவன் அடுத்த தாளைப் புரட்டினான். "இது ஜெய்ப்பூரு. எண்ணவே முடியாது, அத்தினி சன்னலு. ராஜா வூட்டுப் பொம்பளைங்க உள்ள இருந்து தெருவுல ஊர்கோலம் பார்ப்பாங்களாம். அவுங்க பார்க்கிறது தெருவுல இருக்கிறவனுக்குத் தெரியாதாம்."

சுலோசனா காலண்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோவர்த்தனன் சாப்பிட்டு எழுந்து கை கழுவி வந்தபோதும் அதே படம்தான் திறந்திருந்தது.

"நம்ம வூட்டுக்கு இதுமாதிரி ஒண்ணு பண்ணலாமாடா?"

"இன்னா, ராணியம்மா ஆயிட்டியா?" என்று சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மறு வாரமே புத்தூரிலிருந்து தச்சர் ஒருவரைக் கூட்டிவந்தான். தெருச்சுவரை உடைத்து, வேப்பம்பலகையில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளை போட்ட பின்னல் ஒன்றைப் பதித்தார்கள். பக்கத்து வீட்டு ஜெயம்மா வந்து விரலை விட்டுப் பார்த்தாள். "காத்துக்கா? நல்லாத்தான் இருக்குது. கொசுவும் நல்லா வரும்," என்றாள்.

மறுநாள் விடியலில் சுலோசனா பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். முழுத்தெரு ஒருசேரத் தெரியாது. ஒரு துளையில் ஜெயம்மாவின் முழங்கை. இன்னொன்றில் நூல், நூலுக்கு அடியில் படுத்திருந்த நாய். தலையை நகர்த்தினால் அப்பாவு முதலியாரின் வெற்றிலை வாய். தெருவுக்குப் பெரியவர் அவர்; தூரிகை பிடித்து முன்னால் நடப்பவரும் அவர்தான். தூரிகையைக் கஞ்சியில் முக்குவதற்குப் பதில் யாரோ குடிக்க வைத்திருந்த காப்பியில் முக்கிவிட்டார். தெரு சிரித்தது. பலகைக்கு இந்தப் பக்கம் சுலோசனாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அன்று முழுக்க அவளுக்குத் தறி ஓடியது. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. ராத்திரி படுக்கும்போது, காலையில் யார் வீட்டுப் பாவு என்று யோசித்துக்கொண்டே தூங்கினாள்.

ஆனி மாதம் ஜெயம்மா வீட்டுப் பாவு. நைஸ் நூல், கை பட்டால் அறும். சுலோசனா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கவைக்குப் பக்கத்தில் ஓர் இழை அறுந்து தொங்கிற்று. ஜெயம்மா அதைத் தாண்டி நடந்தாள். அவள் மருமகளும் தாண்டினாள். கஞ்சி காய்ந்துவிட்டால் அந்த இழை பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரிக்க முடியாது.

"அக்கா, பின்னால பாருக்கா! கவைகிட்ட அறுந்துக்கினு தொங்குது!"

கத்திய பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது.

தூரிகைகள் நின்றன. ஜெயம்மா இழையைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தாள். எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு முகம் இவள் பக்கமாகத் திரும்பியிருந்தது. இழை அறுந்தபடியே தொங்கியது.

வெயில் ஏறியதும் அப்பாவு முதலியார் வந்தார். உள்ளே வராமல் வாசல்படியில் நின்றார்.

"இத்தினி நாளாவா பார்த்துக்கினு இருந்தே?"

"ஆமாங்க மாமா."

"போன வாரம் எங்கூட்டுப் பாவு அத்தினி அறுந்துச்சே, அன்னிக்கும்?"

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் மேல கோவம் இல்லம்மா. நாகேந்திரன் எனக்குப் புள்ளைமாதிரி. ஆள் எதிர்ல வந்தா, செத்த நேரம் குந்திட்டு, தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிக்கலாம். பலகைக்குப் பின்னால கண்ணு இருந்தா நாங்க இன்னா பண்றது? எப்ப பார்க்குது, எப்ப பார்க்கலன்னு யாருக்குத் தெரியும்?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அடைச்சிடும்மா. ஆளு அனுப்பறேன், மண்ணு வச்சி பூசிடலாம்."

"அறுந்துபோன இழையத்தான் மாமா சொன்னேன்."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆனா தெருவு கேக்காது."

சுலோசனா திரும்பிப் பலகையைப் பார்த்தாள்.

"பார்க்கிறது தெரியலன்னுதானே கஷ்டம்? தெரியிற மாதிரி பண்ணிடறேன்."

அவள் அடைக்க ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டு அவர் போனார். அவள் கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து பலகையை நெம்பினாள். தச்சர் நன்றாகத்தான் இறுக்கியிருந்தார். மத்தியானத்துக்குள் சட்டம் மட்டும் மிஞ்சியது.

மறுநாள் விடியலில் சன்னலை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெறும் நெற்றி, முக்காடில்லாத தலை. கவைகளைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்கள் அவளைப் பார்த்துவிட்டு நின்றார்கள். யாரும் திட்டவில்லை. அப்பாவு முதலியார் கையைக் காட்டினார். கவைகள் திரும்பிப் போயின. கஞ்சிக்குடம் போயிற்று. ஜெயம்மா தன் கதவைப் பூட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காமல், அவர்கள் பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் மேலத்தெருவிலிருந்து சிரிப்புக் கேட்டது.

அன்றிலிருந்து பாவு மேலத்தெருவில்தான். சுலோசனாவுக்கான பாவும் அங்கேயே போட்டு, சுருட்டி, வழக்கம்போல் வந்து சேர்ந்தது. சன்னலுக்கு முன்னால் தெரு விடியலில் காலியாகக் கிடந்தது.

காலியாகக் கிடக்கவே, ஏரிக்கரையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த திருத்தணி பஸ் இந்தத் தெருவழியே வர ஆரம்பித்தது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் விடியலில் எதிரே மாட்டுவண்டி ஒன்று வந்துவிட, பஸ் அவள் வீட்டை ஒட்டி நின்றது. உள்ளே காவடியும் கூட்டமும். பஸ்ஸின் சன்னலில் ஒரு பெண், இடுப்புக் குழந்தையோடு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள்.

"யம்மா, ஒரு வாய் தண்ணி குடும்மா. புள்ள கத்திக்கினே வருது."

சுலோசனா ஓடிப்போய்ச் சொம்பில் மொண்டுவந்து நீட்டினாள். அந்தப் பெண் அவள் முகத்தை நேராகப் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டாள். குழந்தை பாதியை மார்பில் ஊற்றிக்கொண்டு குடித்தது.

"மகராசியா இரு. கோயிலுக்கு வரலியா நீ?"

"அங்கதான் எம்பொண்ணு இருக்கா."

"அப்ப வர்றதுதானே?"

அவள் பதில் சொல்வதற்குள் மாட்டுவண்டி ஒதுங்கிவிட்டது. கண்டக்டர் "ரைட், ரைட்!" என்றான். சொம்பைப் பிடித்திருந்த கை வெளியே நீண்டு ஆடியது. "நாளைக்கி இதே பஸ்சுல குடுத்தனுப்பறேம்மா!" என்ற குரல் கேட்டது. சொம்பு திருத்தணிக்குப் போயிற்று.

மறுநாள் விடியலில் அவள் சன்னலில் இருந்தாள். பஸ் வந்தது, நிற்கவில்லை; சொம்பும் வரவில்லை. முகம் முகமாகச் சன்னல்கள் கடந்து போயின. ஒன்றிரண்டு முகங்கள் அவளைத் திரும்பிப் பார்த்தன. புழுதி அடங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தறிக்கு எழுந்து போனாள்.