வினிபிரட் ரீச்சரின் நட்புறவுக் கழகம்

அரியாலையில் வினிபிரட் ரீச்சரால் திருத்தப்படாத மனிதர் குறைவு. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலம் படிப்பிப்பவர். பிரசங்கம் முடிந்து வாசலில் கைகொடுக்க நிற்கும் பாதிரியாருக்கே, அன்று எத்தனை இடத்தில் பிழைவிட்டார் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். கலியாணம் கட்டவில்லை. கட்டியிருந்தால் அந்த மனிதனையும் இதற்குள் திருத்தி முடித்திருப்பார் என்று ஊரில் கதை.

அவருடைய சிவப்பு மை செல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய தம்பி கிளரன்ஸ். தாய் தகப்பன் போன பிறகு ரீச்சரோடு இருந்தான். இருபத்தேழு வயது. ஒருவரையும் முகம் பார்த்துக் கதைக்க மாட்டான். சுகமோ என்று கேட்டால் பதில் வராது. முடிச்சுப் போட்ட நூலில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து கொப்பியில் எழுதுவான். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை. பதினொரு வருடமாக இதுதான் அவனுடைய உத்தியோகம். இந்தியன் ஆமி வந்த அன்றும் அளந்தான், போன அன்றும் அளந்தான். ஊர் அவனை 'ஒரு மாதிரி' என்றது. டொக்டர்மார் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

ரீச்சருக்கு ஒரு ஆசை இருந்தது. பக்கத்து வீடுகளின் வாசற்படலைகளில் பெடியள் வந்து சைக்கிள் மணியடித்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தன் வீட்டுப் படலையில் கிளரன்ஸைத் தேடி ஒருவன் வந்து நின்றதில்லை. ஒரே ஒரு நாள், வீட்டுக்குள் திரும்பி, "தம்பி, உன்னைத் தேடி ஒராள் வந்திருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஆசை நல்ல ஆசைதான். அதற்கு அவர் ஒரு நிர்வாகக் குழு அமைத்ததுதான் வில்லங்கம்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கடைசியில், லண்டனிலிருந்த மச்சாள் ஒருத்தியின் கடிதம் நான்கு மாதம் அலைந்து திரிந்து வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு பத்திரிகைத் துண்டு. கிளரன்ஸைப் போன்ற பிள்ளைகளின் நிலைக்கு ஓட்டிசம் என்று பெயராம். அங்கே அவர்களை வாரம் ஒருமுறை ஒரு மண்டபத்தில் ஒன்றுகூட்டிப் பழகவிடுகிறார்களாம். ரீச்சர் அந்தச் சொல்லைச் சரியான உச்சரிப்போடு ஊர் முழுக்கச் சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை. உச்சரிப்பு நன்றாக இருந்தபடியால் ஒருவரும் மறுக்கவும் இல்லை.

இப்படித்தான் அரியாலை இளைஞர் நட்புறவுக் கழகம் தேவாலய மண்டபத்தில் உதயமானது. அங்கத்தவர் ஆறு பேர், நிர்வாகக் குழுவில் ஏழு பேர். தலைவர் நமசிவாயம், இளைப்பாறிய ஸ்ரேஷன் மாஸ்டர். கடைசி ரெயில் போய் மூன்று வருடமாகப் போகிறது, மனிதர் இன்னும் கைமணிக்கூட்டைப் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். அவருக்கும் உபதலைவருக்கும் எல்லை வேலித் தகராறில் ஒன்பது வருடமாகக் கதையில்லை. கூட்டத்தில் ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டியதைச் செயலாளரான ரீச்சர் மூலம்தான் சொல்லுவார். பழகத் தெரியாத பிள்ளைகளைப் பழக்க வந்தவர்கள் இவர்கள்.

சனிக்கிழமை மூன்று மணி என்றால் மூன்று மணி. முதலில் நமசிவாயம் மனிதன் ஒரு சமூகப் பிராணி என்று நாற்பது நிமிடம் விளக்குவார். அந்த நாற்பது நிமிடமும் சமூகப் பிராணிகள் ஆறும் வாய் திறக்கக் கூடாது. பிறகு ரீச்சர் கரும்பலகையில் எழுதுவார்: வணக்கம் சொல்லுதல், முகம் பார்த்தல், சுகம் விசாரித்தல், சாப்பிட்டாச்சோ என்று கேட்டல். இருவர் இருவராக எழுந்து நின்று ஒப்புவிக்க வேண்டும். கடைசியில் பனங்கட்டியோடு வெறும் தேத்தண்ணி. குடித்துவிட்டு அவரவர் வந்த வழியே போவார்கள்.

ஒருநாள் கிளரன்ஸுக்கும் பக்கத்து ஊர் கொழும்புத்துறை முருகேசுவுக்கும் முறை வந்தது. முருகேசு கடற்தொழில் குடும்பத்துப் பெடியன், இருபத்தைந்து வயது. அவனும் நிலத்தைப் பார்த்தே நிற்பான். வணக்கம் சொல்ல வேண்டிய கிளரன்ஸ், "பதினொரு அடி, ரெண்டங்குலம்" என்றான்.

"இஞ்சை ஆரும் கிணறு கேக்கேல்லை" என்றார் ரீச்சர்.

முருகேசு தலையை நிமிர்த்தினான். "காலமையோ, பின்னேரமோ?"

"வணக்கம் எங்கை, முருகேசு? முதல்லை வணக்கம்!"

முருகேசுவின் தலை மறுபடி குனிந்துவிட்டது. கழகத்தின் சரித்திரத்தில் ஒரு அங்கத்தவர் இன்னொருவரை உண்மையாகவே ஏதோ கேட்டது அன்றுதான். கூட்ட அறிக்கையில் அது இல்லை. உபதலைவரின் நன்றியுரை ஒன்றரைப் பக்கம் இருந்தது.

தொண்ணூற்றிமூன்று செப்டெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலேயே பொம்மர் விமானம் சுற்றியதால் பள்ளிக்கூடத்தைப் பத்து மணிக்கு விட்டுவிட்டார்கள். ரீச்சர் வீட்டில் இருந்தார். பார்த்தால் படலைக்கு வெளியே முருகேசு சைக்கிளோடு நிற்கிறான். மணியடிக்கவில்லை, கூப்பிடவில்லை, மரம் மாதிரி நிற்கிறான். ஒன்பது மாதம் கரும்பலகையில் எழுதி எழுதிச் சோக்கட்டி தேய்ந்ததுதான் மிச்சம் என்று ரீச்சருக்கு எரிச்சல் வந்தது.

"முருகேசு, இண்டைக்குச் செவ்வாய். கழகம் சனிக்கிழமையெல்லோ? அதுசரி, ஒரு வீட்டுக்கு வந்தால் இப்பிடியோ நிக்கிறது? போ, அந்த ஒழுங்கை முடக்கிலை இருந்து திரும்பி வந்து, மணியடிச்சு, வணக்கம் சொல்லு பாப்பம்."

முருகேசு சொன்னபடியே ஒழுங்கை திரும்பும் முடக்குவரை போனான். திரும்பி வரவில்லை.

ரீச்சர் உள்ளே வந்தபோது கிளரன்ஸ் கிணற்றடியில் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அக்கா, முருகேசு எங்கை?"

"நாள் மாறி வந்திட்டான் போலை. அனுப்பிப்போட்டன்."

"மாறேல்லை. அவன் செவ்வாயிலைதான் வாறவன்."

ரீச்சர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் கிணறு. எதிர்ப் பக்கத்தில் கடல். கொழும்புத்துறைக் கரையில் நட்ட கம்பில் தண்ணீர் எவ்வளவு ஏறியது, எவ்வளவு வற்றியது என்று, வேறு ஒருவனுடைய கோணல் எழுத்தில். பெப்ரவரியிலிருந்து ஒரு செவ்வாய் தவறவில்லை. ரீச்சர் பள்ளிக்கூடத்திலோ விடுமுறை வகுப்பிலோ இருந்த நேரங்களில் முப்பத்தொரு தடவை அந்தப் படலைக்கு ஒருவன் வந்திருக்கிறான். முப்பத்திரண்டாவது தடவை அவன் வந்தபோது ரீச்சர் அகப்பட்டுவிட்டார், பாவம் அவன்.

ரீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு அதிகம் பழக்கமில்லாத உணர்ச்சி, ஆகவே முதலில் தலையிடி என்று நினைத்து மாத்திரை போட்டார்.

அடுத்த செவ்வாய் முருகேசு வரவில்லை. கிளரன்ஸ் மத்தியானம்வரை படலையைப் பார்த்துக்கொண்டு நின்றான், சாப்பிட வரவில்லை. சனிக்கிழமைகளிலும் முருகேசு இல்லை. முன்னறிவித்தல் இன்றி இரு கூட்டங்களுக்கு வராதவருக்கு விளக்கம் கோரிக் கடிதம் அனுப்பலாம் என்று நமசிவாயம் பிரேரித்தார். உபதலைவர் தானாகவே ஆமோதித்தார். ஒன்பது வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ரீச்சர் கூட்ட அறிக்கையை மூடிவிட்டு எழுந்து, கிளரன்ஸ் கையில் திணித்த கடதாசித் துண்டை எடுத்துக்கொண்டு, கொழும்புத்துறைக்குச் சைக்கிள் மிதித்தார்.

முருகேசுவின் தாய் பராசக்தி முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். "செவ்வாய் எண்டால் விடிய எழும்பிக் குளிச்சுப்போட்டு நிப்பான், ரீச்சர். இப்ப ரெண்டு கிழமையா, விடிய ஒருக்கா கரைக்குப் போட்டு வந்தால், பிறகு அறையை விட்டு வெளிக்கிடுறானில்லை. ஆரோ என்னவோ சொல்லிப்போட்டினம்."

அந்த ஆரோ, அறை வாசலில் போய் நின்றார். "வணக்கம் முருகேசு. சுகமோ? சாப்பிட்டாச்சோ?" கரும்பலகைப் பாடம் முழுவதையும் பிழையின்றி ஒப்புவித்தார். கதவு சாத்தினபடியே கிடந்தது. கடைசியில் துண்டை விரித்து, "பதினொரு அடி, அஞ்சங்குலம்" என்று வாசித்தார்.

கட்டில் கிறீச்சிட்டது. "காலமையோ, பின்னேரமோ?"

ரீச்சர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது... தெரியேல்லை, முருகேசு."

"கேட்டுக்கொண்டு வாங்கோ."

மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கில ரீச்சர் நாற்பத்தாறு வயதில், கொழும்புத்துறையிலிருந்து அரியாலைக்குத் திரும்பவும் மிதித்தார். கேட்டார். மறுபடியும் மிதித்து வந்து, மூச்சு வாங்க வாங்க, "காலமை. ஆறு மணி" என்றார். அறைக் கதவு திறந்தது.

"கடல் நாலு விரல் கூட" என்றான் முருகேசு, நிலத்தைப் பார்த்து. "செவ்வாய் வந்து எழுதிறன்."

அந்தச் செவ்வாய் ரீச்சர் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு எடுத்தார், இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக. பத்து மணிக்குப் படலைக்கு வெளியே முருகேசு வந்து நின்றான். மணியில்லை, வணக்கமில்லை, முகம் பார்க்கவுமில்லை. ரீச்சரின் வாய் தன் பாட்டில் திறந்தது. அவர் அதைக் கையால் பொத்திக்கொண்டு பின்வளவுக்கு நடந்தார். கிளரன்ஸ் கிணற்றுக் கட்டில் குனிந்து நூலை இறக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, உன்னைத் தேடி ஒராள் வந்திருக்கு" என்றார்.

கிளரன்ஸ் நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும், அக்கா. இண்டைக்குச் செவ்வாய்தானே."