அஷர் என்றால் வாசல்காரியாம்

இங்கிலீசுக்காரர் ஊரில், கோட்டில் வழக்குக்கு வந்தவர்களின் பெயர் கூப்பிடுவதுதான் என் உத்தியோகம். அதற்கு ஆங்கிலத்தில் அஷர் என்று பட்டம். செய்கிற வேலை என்னவென்று சனத்துக்கு விளங்கப்படுத்தியே களைத்துப்போன சக பாவிகளே, கேளுங்கள்.

கறுப்பு அங்கி

தோர்ண்டன் ஹீத்தில் ஒரு கலியாண வீடு. பக்கத்துக் கதிரையில் எங்கள் தெருக் குகன் அண்ணை, மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுகிறவர். என்னைக் கறுப்பு அங்கியோடு யாரோ கண்டு சொல்லியிருக்கினம். நாலு பேருக்கு என்னை நீதவான் என்றே அறிமுகப்படுத்தினார். இல்லை அண்ணை, கதவடியில் நின்று ஆட்களைக் கூப்பிட்டு உள்ளே விடுறதுதான் என் வேலை என்றேன். அவருக்கு முகம் விழுந்துபோச்சு.

"அப்ப வாசல்காவல் எண்டு சொல்லுங்கோவன், தங்கச்சி."

அரசர் காலத்துப் பட்டம்

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அன்றே அகராதியைப் புரட்டினேன். கதவைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கே வந்த பட்டமாம். அரசரின் அறை வாசலில் நின்று, யாரை உள்ளே விடுவது என்று பார்த்தவர்களுக்குக் கொடுத்தது. அதற்குக் கனவான்களை வைத்திருந்தார்களாம். பாராளுமன்றத்தில் இன்றும் அந்தப் பட்டத்தோடு ஆள் இருக்கு. பெருமையாக என் மனுசனுக்கு வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"அப்ப குகன் அண்ணை சரியாத்தானே சொல்லியிருக்கிறார்."

மூன்று தரம்

பிறகு குகன் அண்ணைக்கே வழக்கு வந்தது. வேகமாக ஓட்டி ஓட்டித் தண்டனைப் புள்ளிகள் சேர்ந்து, லைசன்ஸ் பறிபோகிற நிலை. அது போனால் பிழைப்பும் போச்சு. தெரிந்தவர் என்பதால் அன்றைக்கு எனக்கு வேறு வழக்கறையில் வேலை போட்டார்கள். இடையில் வெளியே வந்து பார்த்தால், ஆள் கதிரையில் ஆறுதலாக இருக்கிறார். கூட வேலை செய்கிறவளோ, "மூன்று தரம் கூப்பிட்டேன், நாகலிங்கம் வரவில்லை" என்று சொல்ல உள்ளே போகிறாள்.

நாகலிங்கம் அவருடைய தகப்பன்! நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் போடுகிற சனம். இங்கே அதைக் குடும்பப் பெயராக்கி, அதையே கூப்பிடுவார்கள். முழுப்பெயரையும் கூப்பிடுங்கோ என்று எத்தனை வருசமாகக் கத்துகிறேன், ஆர் கேட்டது? விட்டால் அவர் இல்லாமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஓடிப்போய்க் கதவைத் தள்ளித் திறந்து அவரை உள்ளே விட்டேன். தன் நிலைமையைத் தானே எடுத்துச் சொன்னார், லைசன்ஸ் தப்பியது.

வெளியே வந்தவரிடம், மூன்று தரம் கேட்டும் ஏன் எழும்பவில்லை என்று சீறினேன்.

"அப்பா செத்துப் பதினைஞ்சு வருசம், தங்கச்சி. அந்த மனுசனை ஏன் கோட்டுக்குக் கூப்பிடுறாங்கள் எண்டு நானும் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான்."

ஓம், நான் வாசல்காரிதான். ஆனால் செத்த தகப்பனைக் கூப்பிட்டு உயிரோடு இருக்கிற மகனை வெளியே விடுகிற ஊரில், வாசலில் ஒரு யாழ்ப்பாணத்தாளும் நிற்கத்தான் வேண்டியிருக்கு.