வெள்ளிக்கிழமை வரை அழிக்கக் கூடாத மூலை

இரண்டாம் வகுப்பு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் ‘மூலை மிஸ்’ என்று பெயர். கரும்பலகையின் வலது மூலையில் அவர் போட்டு வைத்திருக்கும் கட்டம்தான் காரணம். வகுப்பில் ஒருவர் ஒன்று சொல்லி, இன்னொருவர் “அப்படி இல்லையே” என்று இழுத்தால் போதும், சொன்னவர் பெயரோடு அது கட்டத்துக்குள் ஏறிவிடும். சிலந்திக்கு ஆறு கால். ஏழும் எட்டும் பதினாலு. டீச்சர் திருத்தவும் மாட்டார், அழிக்கவும் விடமாட்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், தப்பென்று தெரிந்தால், சொன்ன பிள்ளையே வந்து காரணம் சொல்லி அழிக்க வேண்டும். அதற்குள் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார்கள். சிலந்திக்காரன் இந்த வாரம் முழுக்கச் சிலந்தி தேடிப் படிக்கட்டுக்கு அடியிலேயே குடியிருந்தான்.

இது விளையாட்டாக வந்த பழக்கம் இல்லை. சின்ன வயதில் அவர் சொன்ன ஒரு தப்பான பதிலுக்கு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் கல்லூரி முடிகிறவரை அவர் கை தூக்கவே இல்லை. தன் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்பதில் மனுஷிக்கு அசைக்க முடியாத பிடிவாதம்.

பஸ் டிரைவரான வீட்டுக்காரர் இதைச் சொல்லியே சீண்டுவார். “நம்ம கல்யாணத்தையும் அந்த மூலையில எழுதிட்டியா?”

“எழுதி ரொம்ப நாளாச்சுங்க. வெள்ளிக்கிழமைதான் இன்னும் வரல.”

இந்த வாரம் பாடம் விதை. திங்கட்கிழமை டம்ளர்களில் ஈரப் பஞ்சை அடைத்துப் பயறு போட்டு ஜன்னலோரம் வரிசையாக வைத்தார்கள். ஓட்டைப்பல் என்று எல்லாரும் செல்லமாகக் கூப்பிடும் சிறுமி, ஒன்றை அலமாரிக்குள் வைக்கலாமா என்று கேட்டாள்.

“இருட்டுல முளைக்காதுடா தங்கம்,” என்றார் டீச்சர், வேறு எதையோ தேடிக்கொண்டே.

“எங்க வீட்டு வெங்காயம் கூடைக்குள்ள இருட்டுலதானே முளைச்சுது மிஸ்?”

விதி என்றால் எல்லாருக்கும் விதிதான். ‘இருட்டில் விதை முளைக்காது – மிஸ்’ என்று கட்டத்துக்குள் எழுதினார். ஒரு டம்ளர் அலமாரிக்குள் போனது. வெள்ளிவரை திறக்கக் கூடாது என்று ஏற்பாடு.

புதன்கிழமை, பிள்ளையின் மறந்துபோன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்த ஓர் அப்பா பலகையைப் போட்டோ எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டுவிட்டார். ‘இதுதான் பாடம் நடத்துற லட்சணமா?’ போட்டோ எடுக்கத் தெரிந்தவருக்கு, இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. குழு பற்றிக்கொண்டது. மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். கெட்டவர் இல்லை, பாவம், காலையிலிருந்து போனில் பதில் சொல்லியே தொண்டை கட்டியிருந்தது.

“நாளைக்கு நானே வந்து உட்கார்றேன். ஆனா திங்கட்கிழமைக்கு அப்புறம் அந்த மூலை இருக்காதும்மா. மனசைத் தயார் பண்ணிக்கங்க.”

வெள்ளிக்கிழமை காலையில் யாரும் வருவதற்கு முன்னால் டீச்சர் அலமாரியைத் திறந்தார். அவரே போட்ட விதியை அவரே மீறிய நாள் அது ஒன்றுதான். உள்ளே பயறு மஞ்சளாக வெளிறி, ஜன்னலோரப் பயறுகளைவிட உயரமாக வளர்ந்து நின்றது. மேடம் முன்னால், தப்புச் சொன்னது தானே என்று ஆகப்போகிறது. டஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு வரிதான், யாருக்குத் தெரியும்? டஸ்டரை எடுத்தும்விட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அலமாரியைச் சாத்தினார்.

கடைசிப் பீரியடில் தலைமையாசிரியை பின் பெஞ்சில் முழங்காலை மடக்கி ஒருவழியாக உட்கார்ந்தார். சிலந்திக்காரன் எட்டுக் காலையும் விரல்விட்டு எண்ணிக் காட்டி அழித்தான். பதினாலுக்காரி பென்சில்களை அடுக்கிப் பதினைந்தாக்கினாள். அலமாரி திறந்ததும் வகுப்பு ஹோவென்று கத்தியது. ஓட்டைப்பல் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“மிஸ், உங்க முறை.”

டீச்சர் பலகைக்குப் போனார்.

“நான் பார்க்காமலே சொல்லிட்டேன். முளைக்கிறதுக்கு வேண்டிய சத்து விதைக்குள்ளயே இருக்கு. வெளிச்சம் பச்சையா வளரத்தான் வேணும். நான் சொன்னது தப்பு.”

அழித்தார். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. அவர் சின்ன வயதில் ஏங்கியது இந்த அமைதிக்குத்தான், கண் கலங்கிவிட்டது.

ஓட்டைப்பல் பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். “மேடம், நீங்க ஏதாவது சொல்லியிருக்கீங்களா? சந்தேகமா இருந்தா எழுதலாம்.”

தலைமையாசிரியை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முன்னால் வந்து சாக்பீஸை வாங்கி, காலியான கட்டத்துக்குள் நிதானமாக எழுதினார்: ‘திங்கட்கிழமைக்கு அப்புறம் இந்த மூலை இருக்காது – மேடம்.’

எழுதியதைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, டஸ்டருக்குக் கை நீட்டினார்.

ஓட்டைப்பல் அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “இப்ப அழிக்கக் கூடாது மேடம். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து, ஏன் தப்புன்னு சொல்லிட்டு அழிக்கணும்.”