ராஜினி இல்லாத கொட்டகை

யார் கூட்டிய முற்றத்தையும் ராஜினி இன்னொரு தரம் கூட்டுவாள். முரசுமோட்டையில் அவளைத் தெரிந்தவர்கள் பல வருடமாகப் பார்த்து வரும் சங்கதி இது. மகள் மடித்து வைத்த சீலையை உதறி மறுபடி மடிப்பாள். புருசன் பூட்டிய படலையை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். அதில் கோபம் இருக்காது, குறையும் சொல்லமாட்டாள். கை மட்டும் தன்பாட்டில் போகும்.

வீட்டில் இதைப் பகிடியாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் பின்னால் நின்ற தகரக் கொட்டகையில்தான் இது பெரிய பாடாக இருந்தது. அங்கே ராஜினி சிவப்பரிசி மா செய்து விற்றாள். ஏழு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அரைத்த மாவைத் தேனுகா தாச்சியில் வறுத்து முடித்தால், ராஜினி அகப்பையை வாங்கி இன்னும் நாலு கிண்டு கிண்டுவாள். பிரஷாந்தினி ஒட்டிய பைக்கற்றை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பாள். அவளுடைய இரண்டு கையும் தொடக்கூடிய அளவு மாதான் அந்தக் கொட்டகையை விட்டு வெளியே போனது. அதற்கு மேல் யார் கேட்டாலும், "இந்த மாதம் ஏலாது" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிடுவாள்.

வவுனியாவில் மூன்று பலசரக்குக் கடை வைத்திருந்த ஸக்கியாவுக்கு இது பொறுக்கவில்லை. இடம்பெயர்ந்து புத்தளத்தில் வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்து, ஒற்றைக் கதவுக் கடையில் மறுபடி தொடங்கியவர் அவர். ராஜினியின் மா கடைக்கு வந்த கிழமையே முடிந்துவிடும். பிறகு சனம் கேட்டுக் கேட்டுத் திரும்பிப் போகும்.

ஒருநாள் தன் வான் வண்டியில் கொட்டகைக்கு வந்து இறங்கியவர் நேரே விசயத்துக்கு வந்தார். "ராஜினி, நான் பங்குக்கு வாறன். ஓமந்தையில இன்னொரு கொட்டகை போடுவம். ஆனா ஒரு கதை. வாற வியாழக்கிழமை நான் இங்க வருவன். அண்டைக்கு நீங்க இங்க நிக்கப்படாது."

"நான் இல்லாமல் என்னத்தைப் பாக்கப்போறியள் அக்கா?"

"அதைத்தான் பாக்கப்போறன்." ஸக்கியா சிரித்தார். "நான் ஹஜ்ஜுக்குப் போகேக்க ஒருத்தரையும் நம்பாமல் கடையைப் பூட்டித் திறப்பையும் கொண்டு போனனான். வந்து பாத்தால், சனமெல்லாம் பக்கத்துக் கடைக்குப் பழகிட்டுது. அவையளைத் திரும்ப எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

இரண்டாவது கொட்டகை ராஜினியின் நெடுநாள் ஆசை. ஆகவே வியாழக்கிழமை காலை பஸ் ஏறித் தர்மபுரத்தில் இருந்த தமக்கை இராசமலரின் வீட்டுக்குப் போனாள். போய் இருந்ததும் குசினிக்குள் கழுவிக் கவிழ்த்திருந்த சட்டிகளை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

"எடியே, அது நான் கழுவின சட்டி! என்ர வீடும் உன்ர கொம்பனியோ?" என்று இராசமலர் சட்டியைப் பறித்தாள்.

ராஜினி முற்றத்துக்குப் போய்த் தேனுகாவுக்குப் போன் எடுத்தாள். "பிள்ளை, நெருப்புக் கூடிப்போச்சோ?"

"அக்கா, உங்களோட கதைச்சுக்கொண்டு நிண்டால் மா கருகும். வைக்கட்டே?"

வைத்தே விட்டாள். பிறகு எடுத்தபோது போன் அடித்து ஓய்ந்தது. கொட்டகைப் பெட்டைகள் தேனுகாவின் போனை வெறும் சாக்குக்குள் போட்டுக் கட்டிவைத்த கதை ராஜினிக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

மத்தியானம் கழிந்ததும் ஸக்கியாவின் வான் தர்மபுரத்துக்கே வந்தது. "பாத்திட்டன். ஒரு தேத்தண்ணி தாங்கோ, சொல்லுறன்" என்று கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வருவதற்கு முன் ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் தடதடத்துக்கொண்டு படலைக்கு வந்து நின்றது. பெட்டியில் அரிசி மூட்டைகள். அதிலிருந்து இறங்கியவர் சித்தப்பா தங்கராசா.

"ராஜினி! உன்ர கொட்டகையில என்ர அரிசி எடுக்கமாட்டினமாம். அந்தத் தேனுகா மணந்து பாத்திட்டு, 'கொண்டு போங்கோ ஐயா' எண்டுறாள். ஐயாவாம்! நான் ஆர் எண்டு அவளுக்குச் சொல்லேல்லையோ?"

மீள்குடியேறி வந்த காலத்தில் பற்றைக்காடாய்க் கிடந்த வளவை வெட்டித் துப்பரவாக்கி, கொட்டகைக்கு மரக் கப்பு நட்டுத் தந்தவர் இந்தச் சித்தப்பாதான். அவர் கொண்டு வரும் அரிசி சில வேளை சரியாகக் காயாமல் பூஞ்சணம் மணக்கும். ராஜினி வாய் திறக்காமல் வாங்கி, நல்லதைப் பிரித்தெடுத்து, மிச்சத்தைக் கோழிக்குப் போடுவாள். அவருக்கு இது தெரியாது.

"இப்ப அவளுக்குப் போன் போட்டுச் சொல்லு, எடுக்கச் சொல்லி."

ராஜினி ஸக்கியாவைப் பார்த்தாள். அவர் வேலியோரம் நின்ற முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேனுகாவின் சொல்லைத் தட்டினால் ஓமந்தைக் கொட்டகை அதோடு சரி. தட்டாவிட்டால் சித்தப்பா இனி வாசற்படி மிதிக்கமாட்டார்.

ராஜினி எழுந்து போய் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அரிசியை மணந்து பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். சாக்குக்குள் கிடந்த தேனுகாவின் போன் எப்படியோ இந்தமுறை கேட்டது.

"அக்கா, ஏசப்போறியளோ?" தேனுகாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"சித்தப்பாவின்ர அரிசியை வேண்டாம் எண்டனியோ?"

"ஓம்."

"சரி. அப்பிடியே இருக்கட்டும். நான் நிண்டிருந்தால் எடுத்திருப்பன், பிள்ளை. நீ செய்ததுதான் சரி."

வாழ்நாளில் நாலு பேருக்கு முன்னால் அவள் அப்படிப் பேசியதில்லை. காது சூடாகிவிட்டது. தங்கராசாவின் பக்கம் திரும்பினாள்.

"நல்லாக் காயவிட்டுக் கொண்டு வாங்கோ சித்தப்பா. கட்டாயம் எடுப்பினம். ஆனா என்னட்டச் சொல்லிப் பலனில்லை, அவளிட்டத்தான் குடுக்கவேணும்."

"அப்ப உனக்கு அங்க என்னடி வேலை?"

"அதுதான் எனக்கும் தெரியேல்ல" என்றாள் ராஜினி.

ஸக்கியா விழுந்து விழுந்து சிரித்தார். இராசமலர் தேத்தண்ணித் தட்டை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். தங்கராசா முறைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய மீசையும் ஆடத் தொடங்கியது.

"மணக்குதெண்டு முதலே சொல்லியிருந்தால் நான் காயவிட்டிருப்பன்தானே, விசரி!" என்று தேத்தண்ணியை எடுத்தார்.

ஸக்கியா போகும்போது சொன்னார்: "மா நல்லம் எண்டு எனக்கு முதலே தெரியும் ராஜினி. அந்தப் பிள்ளை தானாய் 'வேண்டாம்' எண்டு சொல்லுவாளோ, நீங்க அதைத் தட்டாமல் விடுவியளோ எண்டுதான் நான் பாக்க வந்தது. திங்கக்கிழமை ஓமந்தைக்கு வாங்கோ, காணி பாப்பம்."

இப்போது ஓமந்தையிலும் ஒரு கொட்டகை நடக்கிறது. அதைப் பிரஷாந்தினி பார்க்கிறாள், முரசுமோட்டையைத் தேனுகா பார்க்கிறாள். தங்கராசா வாரத்துக்கு ஒருமுறை அரிசி கொண்டு வருகிறார். ராஜினி செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ஓமந்தைக்குப் போய், ஒன்றையும் தொடாமல் பார்த்துவிட்டு வருகிறாள்.