இடது கதவின் கண்ணாடி

லேக் கார்டன்ஸில் ஷியாமளாவைத் தெரியாதவர்கள் உண்டு. அவள் வீட்டு வாசலில் படகு மாதிரி நின்ற வெளிர்நீலக் காரைத் தெரியாதவர்கள் கிடையாது. 1962-இல் அமெரிக்காவில் செய்து, நம் சாலைக்கென்று வலப்பக்கம் ஸ்டீயரிங் வைத்த வண்டி. ஒரு சணல் கம்பெனியின் வெள்ளைக்கார டைரக்டர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனதை, அங்கே எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயராக இருந்த ஹரிஷங்கர் ஆசைப்பட்டு வாங்கினார். பொத்தானை அழுத்தினால் நாலு கண்ணாடியும் தாமாகவே ஏறி இறங்கும். கல்யாணமான புதிதில், ஆள் நடமாட்டமில்லாத சால்ட் லேக் சாலைகளில் ஷியாமளா வண்டி ஓட்டக் கற்றதும் அதில்தான்.

1996 டிசம்பரில் ஹரிஷங்கருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் துவண்டன. பேச்சில் ‘ஆமா’, ‘இல்ல’ இரண்டுதான் மிஞ்சின. அவையும் சில நாள் ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து நின்றன. காப்பி வேண்டுமா என்றால் ‘இல்ல’ என்பார். டம்ளருக்குக் கை நீளும்.

“தினம் கொஞ்சம் வெளியே கூட்டிப் போங்கள்” என்றார் டாக்டர். ஷியாமளா டல்ஹௌஸியில் ஒரு கம்பெனி ஆபீஸில் ஸ்டெனோ. ஆபீஸிலிருந்து திரும்பியதும் அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து ஏரிப்பக்கம் ஓட்டிப் போனாள். அவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் இறங்கவில்லை. ஏப்ரல் புழுக்கத்தில் சட்டை நனைய, இடது கையால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். கதவுக்குள் ஏதோ முனகியது, கண்ணாடி அசையவில்லை. மூன்றாம் நாள் செருப்பைப் போட்டுக்கொள்ளவே மறுத்துவிட்டார்.

பெஹாலாவிலிருந்து வந்த மெக்கானிக் ஸ்வபன் உதட்டைப் பிதுக்கினான். வங்காளி வழக்கில் அவள் அவனுக்கு ‘பௌதி’, அண்ணி. “இதுக்கு ஸ்பேர் கிடைக்காது, பௌதி. எல்லாத்தையும் எடுத்துட்டுக் கையால சுத்தற பிடி வெச்சுத் தரேன்.”

யோசித்துச் சொல்வதாக அவனை அனுப்பிவிட்டு, ஷியாமளா வாசலிலேயே நின்றாள். சட்டைப் பித்தானைக்கூட அவருக்கு அவள்தான் போட வேண்டியிருந்தது. கைப்பிடி வந்தால் அதைச் சுற்றவும் அவள்தான் வேண்டும். யார் தயவும் இல்லாமல் அவர் செய்யக்கூடிய காரியம் ஒன்றாவது இருக்கட்டுமே என்று பட்டது. முனகுகிறது என்றால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஞாயிற்றுக்கிழமை காலை காருக்குப் பக்கத்தில் மோடா என்கிற பிரம்பு முக்காலி ஒன்றைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். பாட்டரி ஒயரைக் கழற்றினாள். கண்ணாடி சரியாமலிருக்க மரத்துண்டு செருகினாள். எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று ஷார்ட்ஹேண்டில் குறித்துக்கொண்டே கைப்பிடியை எடுத்து, துணி சுற்றிய தோசைத் திருப்பியால் கதவின் உள்தகட்டை நெம்பினாள். டார்ச் வெளிச்சத்தில் பல்சக்கரம் தெரிந்தது. முப்பத்தைந்து வருஷத்துக் கிரீஸ் அதில் கருப்பட்டிப் பாகாய் இறுகிக் கிடந்தது.

“பாத்தேளா? மோட்டாரைத் தனியா எடுத்துட்டா சுலபமாத் தேய்ச்சுடலாம்” என்று மோட்டாரின் போல்ட்டில் ஸ்பானரைப் பொருத்தினாள்.

“இல்ல!”

நாலு மாதத்தில் அத்தனை உரக்க அவர் பேசியதில்லை. மோடாவிலிருந்து பாதி எழுந்து, இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த ‘இல்ல’வில் சந்தேகமே இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் சுருண்டிருந்த ஸ்பிரிங்கைக் காட்டினார். பிறகு அவள் விரல்களைத் தொட்டு, தன் உள்ளங்கையால் வெட்டுவதுபோல் காட்டினார். மோட்டார் விலகினால் ஸ்பிரிங் தெறித்து, சக்கரம் சுழன்று விரலை நசுக்கிவிடும்.

ஷியாமளா ஸ்பானரைக் கீழே வைத்தாள். “சரி. தொடலை. என்ன பண்ணணும், சொல்லுங்கோ.”

திருகாணிக் கிண்ணத்தைத் துழாவி நீளமான போல்ட் ஒன்றை எடுத்தார். சக்கரத்திலும் பின்தகட்டிலும் ஒரே நேராக இருந்த துளைகளில் அதை நுழைத்து, சக்கரம் திரும்பாதபடி பூட்டினார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் ஏறியது.

இப்போது மோட்டாரைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியுமாக அவள் ஒவ்வொரு பல்லாய்த் தேய்த்தாள். துடைத்து, புதுக் கிரீஸ் தடவினாள். கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்துக்குக் கிரீஸை எடுத்துப் போனபோது அவர் தலையசைத்துத் தடுத்தார்; கிரீஸ் பட்டால் ரப்பர் கெட்டுவிடும். மருந்துப் பெட்டியிலிருந்த கிளிசரின் புட்டியைச் சைகையால் கேட்டு வாங்கி, ரப்பர் நெடுகத் தானே விரலால் தடவினார்.

மோட்டாரைத் திரும்பப் பொருத்தி, நீளப் போல்ட்டையும் மரத்துண்டையும் உருவி, எல்லாம் பூட்டி, ஒயரை மாட்டியதும் பொத்தானை அவரிடமே விட்டாள். கண்ணாடி பாதி இறங்கி நின்றது. மறுபடி ஏறியது. நாலாம் தடவை முழுசாக இறங்கியது. அவர் விடாமல் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்.

“போறுமா?”

“இல்ல” என்றார், குழந்தை மாதிரி.

அன்று சாயங்காலம் செருப்பை அவரே தேடினார். ஏரிக்கரை நெடுக இடது கையை வெளியே நீட்டி, காற்றை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வந்தார். ஷியாமளாவின் கண்ணில் தலைமுடி விழுந்தது. ஒதுக்கக்கூடத் தோன்றாமல் மெல்ல ஓட்டினாள்.

வார்த்தைகள் ஒவ்வொன்றாய்த் திரும்பின, எல்லாம் திரும்பவில்லை. அடுத்தடுத்த மாதங்களில் மற்ற மூன்று கதவுகளையும் இருவரும் பிரித்துச் சரிசெய்து முடித்தார்கள். செய்தி பரவி, பழைய கார் வைத்திருந்தவர்கள் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். 2003-இல் பெஹாலாவிலிருந்து ஒருவர் தன் காரோடு வந்து, மோடாவில் இருந்த ஹரிஷங்கரை வணங்கி, “கார் மிஸ்திரி நீங்கள்தானே, தாதா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

ஹரிஷங்கர் இடது கையைத் தூக்கி, கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த ஷியாமளாவைக் காட்டினார்.

“இவ” என்றார்.